ஆர் அண்ட் டி அறைக்குள் போவதற்கு முன்னால்: உணவுத் தயாரிப்பு மேம்பாட்டு வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

"எனக்குச் சமையல்னா ரொம்பப் பிடிக்கும், அதான் இந்த வேலைக்கு வரலாம்னு இருக்கேன்" என்றுதான் படிப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் பலரும் என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். பிடிக்கட்டும், நல்லதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: சமைக்கும்போது எடை போடுவீர்களா? நேற்று வைத்த ரசத்தில் உப்பு எத்தனை கிராம், புளி எத்தனை கிராம் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? கைமணம் உள்ளவர்கள் எழுதுவதில்லை. அவர்களுக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை. காரம் தூக்கலாகிவிட்டால் அடுப்பில் இருக்கும்போதே சரி செய்துவிடுவார்கள். நம்முடைய பாக்கெட் உடுமலைப்பேட்டையில் யாரோ ஒருவர் வீட்டில் பிரிக்கப்படும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். இன்று பிரித்தாலும் ஆறு மாதம் கழித்துப் பிரித்தாலும், மாசியில் அரைத்த மிளகாயானாலும் ஐப்பசியில் அரைத்ததானாலும், அதே பஜ்ஜி வர வேண்டும். இந்த வேலையின் கஷ்டம், சுவாரசியம் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

நான் உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்துவிட்டு, கோவைப் பக்கம் மசாலாவும் ரெடிமிக்ஸும் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் சேர்ந்தேன். கொடுத்தது ஆர் அண்ட் டி (ஆராய்ச்சி, மேம்பாடு) வேலை இல்லை, கியூசி, அதாவது தரப் பரிசோதனை. லாரியில் வரும் மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்பது, ஈரப்பதம் பார்ப்பது, சலித்து அளவு பார்ப்பது, ரிப்போர்ட் எழுதுவது. அப்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது யார் கேட்டாலும், ஆரம்பத்தில் ஒரு வருடமாவது கியூசியிலோ உற்பத்தியிலோ இருந்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மிளகாய்த் தூள் என்று ஒரே பெயரில் வந்தாலும், குண்டூர் சன்னம் காரத்துக்கு, பியாடகி நிறத்துக்கு என்று இரண்டும் வேறு வேறு சரக்கு. ஈரோட்டு மஞ்சளும் ஆலப்புழை மஞ்சளும் ஒரே எடையில் ஒரே நிறம் தராது. ஒரே வியாபாரி அனுப்பும் நாட்டுச் சர்க்கரை கூட இந்த லோடு பொலபொலவென்றும் அடுத்த லோடு பிசுபிசுவென்றும் இருக்கும். இதையெல்லாம் கையில் அள்ளிப் பார்த்துப் பழகாமல் லேப்பில் உட்கார்ந்து ஃபார்முலா எழுதினால், அந்த ஃபார்முலா அன்றைக்கு மேசையில் இருந்த சரக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

கியூசியில் கிடைத்த இன்னொரு லாபம், ஈரப்பதம் வேறு, வாட்டர் ஆக்டிவிட்டி வேறு என்பது மண்டையில் ஏறியது. கல்லூரியில் படித்ததுதான், ஆனால் மீட்டரில் எண்ணைப் பார்க்கும்போதுதான் புரிகிறது. தேனில் ஏறக்குறைய 18% தண்ணீர் இருக்கிறது, பூஞ்சை பிடிப்பதில்லை. அதைவிடக் குறைவாக 15, 16% ஈரம் ஏறிய மாவில் பிடித்துவிடும். தேனில் இருக்கும் தண்ணீரைச் சர்க்கரை கட்டிப் போட்டிருக்கிறது. மாவில் இருப்பது அந்த அளவுக்குக் கட்டுப்பட்டதில்லை. கிருமிகளால் எடுத்துக்கொள்ள முடிகிற தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான் வாட்டர் ஆக்டிவிட்டி சொல்கிறது. 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. பிஹெச் என்பது புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடக்கூட இது இறங்கும்; 4.6-க்குக் கீழே இருந்தால், அடைத்த உணவில் கொடிய விஷத்தை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி முளைக்காது. தொக்கு, ஊறுகாய், பேஸ்ட் எதைச் செய்தாலும் இந்த இரண்டு எண்களையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் ருசிக்குப் போக வேண்டும். "எங்க பாட்டி போட்ட தொக்கு ஒரு வருஷம் கெடாது" என்று வருபவர்கள் உண்டு. பாட்டி தொக்கு கெடாமல் இருந்தது உண்மைதான். அவர் எவ்வளவு நேரம் சுண்டவிட்டார், எவ்வளவு புளி, எவ்வளவு உப்பு என்பதற்குப் பதில் கிடைக்கும் வரை அதை பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்ப முடியாது.

ஆர் அண்ட் டி-க்கு மாறியபின் முதலில் என் கைக்கு வந்தது பஜ்ஜி மாவு. கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த் தூள், மஞ்சள், பெருங்காயம், உப்பு, கொஞ்சம் சோடா. லேப்பில் அரைக் கிலோ கலந்து பொரித்தால் வாழைக்காய் பஜ்ஜி பொன்னிறத்தில் உப்பி வந்தது. எல்லோருக்கும் பிடித்தது. அடுத்தது பிளான்ட் ட்ரையல், அதாவது தொழிற்சாலை மெஷினிலேயே செய்து பார்ப்பது. ரிப்பன் பிளெண்டர் என்ற பெரிய கலவை மெஷினில் 200 கிலோ. அந்த மாவைக் கரைத்தால் அங்கங்கே ரத்தம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். பொரித்தபின் அந்த இடம் கருத்து, கடித்தால் சோப்பு வாடை.

காரணம் சின்னதுதான். மஞ்சளோடு காரம், அதாவது அல்கலி, சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வது அதுதான். சோடா பொடியாகப் பிரியாமல் சின்னச் சின்னக் கட்டிகளாகவே மாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு கட்டியும் தன்னைச் சுற்றியுள்ள மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. லேப்பில் அரைக் கிலோவை விரலால் பிசறும்போது கட்டி தானாக உடைந்துவிடும். பிளெண்டர் அப்படிப் பிசறாது, புரட்டித்தான் போடும். கூடுதலாக ஓட்டிப் பார்க்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பிளெண்டர் ஆபரேட்டர் அண்ணன் அருகில் வந்து நின்றார். வயதில் என் அப்பாவைவிட மூத்தவர்.

"ஏனுங் அம்மணி, கொஞ்சூண்டு சோடாவ அத்தன மாவுல ஒரே எடத்துல கொட்டுனா அது எப்படீங் எல்லாப் பக்கமும் போவும்? மொதல்ல ரெண்டு கிலோ மாவுல சலிச்சுக் கலந்துக்கோணும். அத இருவது கிலோவுல கலக்கோணும். அப்பறந்தான் உள்ள போடோணும்."

பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் சொன்னபடியே செய்தோம். கலந்தபின் பிளெண்டரின் இரண்டு முனை, நடு, மேல், கீழ் என்று மாதிரி எடுத்து, சீராகக் கலந்திருக்கிறதா என்று அறிய உப்பின் அளவைப் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஒரே அளவு வந்தபின்தான் அந்த ஓட்ட நேரத்தை எஸ்ஓபியில் (பிளான்ட்டில் பின்பற்றும் செய்முறைக் குறிப்பில்) எழுதினேன். அதுமுதல் எந்த ட்ரையலுக்கு முன்னாலும் ஃபார்முலாவை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் ஒருமுறை காட்டுவேன். புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லும் ஒரே அலுவலக அரசியல் இதுதான்: பிளான்ட்டில் இருப்பவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு, அவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் கூட நின்று டீ குடியுங்கள். மெஷின் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

சோடாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ரவா இட்லி மிக்ஸில் சோடாவோடு சிட்ரிக் அமிலமும் இருக்கும்; ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து வாயு விடுவதால்தான் உளுந்து ஊறப்போடாமலே இட்லி உப்புகிறது. 1 கிராம் சோடாவுக்குச் சுமார் 0.76 கிராம் நீரற்ற சிட்ரிக் அமிலம் என்பது கணக்கு. ஆனால் அந்த ஈரம் இட்லிப் பாத்திரத்தில்தான் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ரவையிலேயே 13, 14% ஈரம் இருந்தால் இரண்டும் பாக்கெட்டுக்குள்ளேயே மெதுவாகச் சேர ஆரம்பித்துவிடும். பாக்கெட் ஊதிக்கொள்ளும், வாங்கிய வீட்டில் இட்லி கல்லாக இருக்கும். ரவையை வறுத்து ஈரத்தை இறக்குவது, கொழுப்புப் பூசிய சிட்ரிக் அமிலம் வாங்குவது, ஈரம் புகாத லேமினேட் போடுவது என்று மூன்று வழிகள் உண்டு; மூன்றுக்கும் காசு. ஐப்பசி, கார்த்திகையில் பேக்கிங் ஹாலின் காற்றே ஈரமாக இருக்கும்போது எந்த வழிக்குக் காசு செலவழிக்கலாம் என்று முடிவெடுப்பதுதான் வேலை. வேதியியல் அதில் பாதிதான்.

கம்புக்கு வருகிறேன். என்னை அதிகம் படுத்தியதும், அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான். 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த சமயத்தில் ஊரில் எல்லோருக்கும் சிறுதானியத் தயாரிப்பு தேவைப்பட்டது. ராகி, தினை, சாமை எல்லாம் ஓரளவு சொன்னபடி கேட்டன. கம்பு மாவு கேட்கவில்லை. அரைத்த அன்று வாசம் அருமையாக இருக்கும். வெயில் காலத்தில் இரண்டு வாரம் கழித்துப் பாக்கெட்டைப் பிரித்தால் ஒரு மக்கிய வாடை, நாக்கின் அடியில் கசப்பு.

கம்பில் கொழுப்பு சுமார் 5%. தீட்டிய அரிசியில் 1 சதவீதம் கூட வராது. அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி முளைப்பகுதியில் இருக்கிறது. கம்பின் முளைப்பகுதியோ தானியத்தின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அரைக்கும்போது கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியும் கொழுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தானியமாக இருந்தவரை தனித்தனியாக இருந்தவை, மாவானதும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கொழுப்பு உடைந்து வரும் ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் நாளுக்கு நாள் ஏறும். காற்று போகாத நல்ல பாக்கெட்டில் போட்டாலும் இது நிற்காது, ஏனென்றால் இந்தக் கட்டத்துக்கு ஆக்ஸிஜன் தேவையே இல்லை. பேக்கிங்கை மாற்றலாம், நைட்ரஜன் அடைக்கலாம் என்று வந்த யோசனைகள் எல்லாம் இதனால்தான் பாதியில் நின்றன.

அந்த நேரத்தில் ஊருக்குப் போனபோது அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம் கேட்டேன், "நீங்க கம்பு மாவை எப்படி வெச்சிருப்பீங்க?" அவர் சிரித்துவிட்டார். "மாவ எதுக்குக் கண்ணு வெக்கறது? கம்பத்தான் மொடாவுல வெப்போம். வேணுங்கறப்ப எடுத்துத் தண்ணி தெளிச்சு ஒரல்ல இடிச்சு அன்னைக்கே காச்சிருவோம்." அவர் வைத்தது தானியம், மாவு ஒருநாளும் இரவு தங்கவில்லை. நாங்கள் விற்க நினைத்த பொருளே அவர்கள் வீட்டில் இருந்ததில்லை. பாரம்பரிய உணவு என்று பாக்கெட்டில் அச்சடிக்கும் முன் யாராவது ஒருவர் இதை யோசித்திருக்கலாம்.

தீர்வு அரைப்பதற்கு முன்னால் இருந்தது. முழுத் தானியத்தையே சூடாக்கி நொதியைச் செயலிழக்க வைக்க வேண்டும். கொதிநீரில் சில நொடிகள் போட்டு எடுத்து உலர்த்துவது ஒரு முறை. உலர்சூட்டில் 100 டிகிரியை ஒட்டி நெடுநேரம் வைப்பது இன்னொன்று. இரண்டையும் பற்றி நம் நாட்டில் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. நாங்கள் ஆவியைத் தேர்ந்தெடுத்தோம், ஏனென்றால் பாய்லர் ஏற்கெனவே இருந்தது. சூடு குறைந்தால் நொதி பிழைத்துக்கொள்ளும். கூடினால் மாவின் நிறம் மங்கி, கூழ் கொழகொழவென்று ஆகும். நடுவில் ஒரு சின்ன இடம்தான் சரியானது. பதப்படுத்திய மாவையும் பதப்படுத்தாததையும் 38 டிகிரி, 90% ஈரப்பதம் உள்ள சேம்பரில் (பொருளைச் சீக்கிரம் கெட வைத்துப் பார்க்கும் பெட்டியில்) அருகருகே வைத்து ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் பார்த்தபோது வித்தியாசம் வரைபடத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. சேம்பர் ரிசல்ட் வந்துவிட்டது என்பதற்காகச் சாதாரண அறையில் வைத்த மாதிரிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேம்பர் சீக்கிரம் சொல்லும். அறையில் இருக்கும் பாக்கெட் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது ருசி பார்ப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேலையே இதுதான் என்ற எண்ணம். முறையாகச் செய்தால் இதுபோல அலுப்பான வேலை கிடையாது. ட்ரையாங்கிள் டெஸ்ட் என்றால் மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே பொருள், ஒன்று வேறு. கிண்ணத்தில் மூன்று இலக்க எண் மட்டும்தான். எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், முடிவைப் புள்ளியியல் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். சப்ளையரை மாற்றும்போது இது கட்டாயம். பிடித்திருக்கிறதா என்று கேட்க 9 புள்ளி ஹெடோனிக் அளவுகோல். அக்கவுன்ட்ஸ், டிஸ்பாட்ச், செக்யூரிட்டி என்று எல்லோரையும் பேனலில், அதாவது ருசி பார்க்கும் குழுவில் சேர்த்துக்கொண்டோம். ஆனாலும் நடுத்தர நிறுவனங்களில் கடைசித் தீர்ப்பு முதலாளி வீட்டம்மாவுடையது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. அவர் "மல்லி வாசம் பத்தல" என்று சொன்னால், அதை எத்தனை சதவீத மல்லி, எந்த வறுப்புப் பதம் என்று மாற்றி எழுதத்தான் நமக்குச் சம்பளம்.

பேனலைவிட எனக்குப் பிடித்தது வீட்டுச் சோதனை. பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அவர்கள் செய்வதை வாய் திறக்காமல் பார்ப்பது. பாக்கெட்டின் பின்னால் அச்சடித்ததை யாரும் படிப்பதில்லை. "ஒரு டம்ளர் தண்ணீர்" என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஒருவர் கரைத்தவுடன் ஊற்றுவார், இன்னொருவர் கரைத்து வைத்துவிட்டு ஃபோன் பேசப் போய் அரை மணி கழித்து வருவார். பஜ்ஜி மாவில் கட்டாயம் ஓமம் சேர்ப்பவர் ஒருவர். அதனால், தண்ணீர் பத்து, பதினைந்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் தாங்குகிற மாதிரி ஃபார்முலாவை வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மிகச் சரியாக அளந்தால் மட்டும் பிரமாதமாக வரும் மிக்ஸைவிட, எப்படிக் கரைத்தாலும் சுமாருக்கு மேல் வருகிற மிக்ஸ் கடையில் நிற்கும்.

விலைக் கணக்கு போடாமல் இங்கே ஒரு சிட்டிகை கூடச் சேர்க்க முடியாது. 200 கிராம் பாயச மிக்ஸில் ஏலக்காய் 0.3% என்றால் பாக்கெட்டுக்கு 0.6 கிராம். கிலோ 1,500 ரூபாய் என்றால் 90 காசு. 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அதே சிட்டிகை 4 ரூபாய் 20 காசு. எம்ஆர்பியில் டீலர், கடைக்காரர், வரி, வண்டி வாடகை எல்லாம் போக நமக்கு மிஞ்சுவதில் இந்த மூன்று ரூபாய் பெரிய தொகை. ஏலக்காய் அதிகம் இருக்கும் பாயசத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக அன்றைய விலையைப் போட்டு வைத்துக்கொள்ளாத ஃபார்முலாவை எங்கள் மேனேஜர் கையில் வாங்கவே மாட்டார்.

லேபிள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில் முடியாது, இருந்தாலும் இரண்டு உதாரணம். சிறுதானிய அடை மிக்ஸுக்கு "குளூட்டன் இல்லாதது" என்று போடலாம் என மார்க்கெட்டிங்கில் கேட்டார்கள். குளூட்டன் கோதுமையில் இருக்கும் புரதம். கோதுமை சேர்க்கவில்லை, போட வேண்டியதுதானே? பெருங்காயத்தின் ஸ்பெக்கை (சரக்கு விவரக் குறிப்பை) எடுத்துப் பார்த்தால் கூட்டுப் பெருங்காயம், அதில் மைதா. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்த வார்த்தையைப் போட முடியாது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடி வாங்கினோம். அப்புறம் அதே மெஷினில் ரவை ஓடுகிறதே என்ற அடுத்த பிரச்சினை. இன்னொன்று, நாட்டுச் சர்க்கரை சேர்த்த சத்துமாவுக்கு "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று போட ஆசைப்பட்டது. வெல்லமோ தேனோ சேர்த்தாலும் அந்தச் சொல்லை எஃப்எஸ்எஸ்ஏஐயின் (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிகள் அனுமதிப்பதில்லை. நார்ச்சத்து நிறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் 6 கிராமாவது வேண்டும், 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த விதிகளையும் 2020-இன் லேபிளிங் விதிகளையும் எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். வேலை தேடும் நாட்களில் உட்கார்ந்து படியுங்கள். கதை போல இருக்காது, ஆனால் நேர்முகத்தில் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்.

படிப்பு என்று பார்த்தால் நம் பக்கம் கோவை வேளாண் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் நிஃப்டெம் (தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்), சென்னையில் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), கொஞ்சம் தள்ளிப் போனால் மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) எல்லாம் இருக்கின்றன. சிஎஃப்டிஆர்ஐயில் குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கும். வேலையில் சேர்ந்தபின் நிறுவனச் செலவில் போக முடிந்தால் போய்விடுங்கள். வேதியியலோ நுண்ணுயிரியலோ ஹோம் சயின்ஸோ படித்தவர்களும் கியூசி வழியாக உள்ளே வருகிறார்கள். பலர் யோசிக்காத ஒரு வாசல், ஃப்ளேவர், ஸ்டார்ச், எமல்சிஃபையர் விற்கும் கம்பெனிகளின் அப்ளிகேஷன் லேப். அங்கே இன்று பிஸ்கட், நாளை ஐஸ்கிரீம், அடுத்த நாள் நூடுல்ஸ் மசாலா என்று வாடிக்கையாளர்களுக்காக எல்லாவற்றையும் செய்து பார்ப்பார்கள். குறைந்த காலத்தில் கை பரவலாகப் பழகும்.

நேர்முகத்துக்கு வரும்போது சான்றிதழ் கோப்போடு ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். வீட்டில் ஏதாவது ஒரு பொருளை, அது எள்ளுப்பொடியாக இருந்தாலும் சரி, கிராமில் அளந்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, என்ன ஆனது என்று தேதியோடு எழுதிய நோட்டு. 'நன்றாக இருந்தது' என்ற வார்த்தை அதில் இருக்கக் கூடாது. எண்ணெய் பிரிந்தது, மூன்றாம் வாரம் சிக்கு வாடை, ஈரக் கரண்டி பட்ட இடத்தில் கட்டி தட்டியது என்று இருக்க வேண்டும். இப்போது ஆள் எடுக்கும் இடத்தில் நானும் உட்காருகிறேன். அப்படி ஒரு நோட்டு மேசைக்கு வந்தால் மதிப்பெண் பட்டியலை அதற்கு அப்புறம்தான் திறப்பேன்.

நீங்களும் திருப்பிக் கேளுங்கள். ஆர் அண்ட் டி-க்குச் சொந்தமாக வாட்டர் ஆக்டிவிட்டி மீட்டரும் சேம்பரும் இருக்கிறதா, வெளி லேப்பை நம்பித்தானா? பிளான்ட்டில் ட்ரையல் எடுக்க வாரத்தில் நேரம் ஒதுக்குவார்களா, ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மா இருக்கும்போதுதான் வரச் சொல்வார்களா? போன வருடம் ட்ரையலுக்குப் போனவற்றில் கடைக்குப் போனது எத்தனை? கடைசிக் கேள்விக்கு "எல்லாமே" என்று பதில் வந்தால் அங்கே ருசித்துப் பார்க்கிறார்கள், சோதித்துப் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை என்று பதில் வந்தாலும் சேரலாம். அந்த ஆபரேட்டர் அண்ணன் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மாற்று விடுப்பு உண்டா என்பதை மட்டும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.